ரிப்பேருக்கு வந்த ஒரு மாடலும் ஜேம்ஸ் வாட்டும்

ஜேம்ஸ் வாட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அடுப்பில் ஒரு கெட்டில். நீராவி அதன் மூடியைத் தூக்கித் தூக்கிப் போடுது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். திடீரென்று மண்டையில் பல்பு எரிகிறது, நீராவி இன்ஜின் பிறக்கிறது. இந்தக் கதையைக் கேட்காமல் நம்மில் யாரும் இன்ஜினியரிங் வரைக்கும் வந்திருக்க முடியாது.

இதில் ஒரே ஒரு பிரச்சினைதான். நீராவி இன்ஜின், வாட் பிறப்பதற்கு 24 வருஷம் முன்பே வந்துவிட்டது. தாமஸ் நியூகோமென் என்பவர் 1712-லேயே இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க இன்ஜினை ஓடவிட்டுவிட்டார். அப்படியானால் வாட் என்னதான் செய்தார்? அவர் முதலில் செய்தது ஒரு ரிப்பேர் வேலை. ஓடாமல் கிடந்த ஒரு மாடலைச் சரி செய்யச் சொல்லிக் கொடுத்தாங்க, அவர் உட்கார்ந்து சரி செய்தார். கெட்டில் கதையை விட இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஏன் என்று நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்க.

வீடுதான் முதல் பட்டறை

வாட் 1736 ஜனவரி 19-ல் ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பல் வேலை செய்பவர், கப்பலுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் வியாபாரி. கப்பல்காரர்கள் திசையும் உயரமும் பார்க்கும் கருவிகள் பழுதானால் அதையும் அவர் சரி செய்து கொடுப்பார். அம்மா ஆக்னஸ் நன்றாகப் படித்தவர்.

பையனுக்கோ உடம்பு சரியில்லை. அடிக்கடி ஒற்றைத் தலைவலி, பல்வலி. தொடர்ந்து பள்ளிக்கூடம் போக முடியவில்லை. அதனால் ஆரம்பப் பாடமெல்லாம் அம்மாவிடம் வீட்டிலேயே நடந்தது. பிறகு பள்ளியில் சேர்ந்து கணக்கில் நன்றாக வந்தார். ஆனால் கை வேலை எங்கே கற்றார் என்று கேட்டால், அப்பாவின் பட்டறையில்தான். அப்பா அவருக்கென்று தனியாக ஒரு சின்ன மேஜையும் கொஞ்சம் கருவிகளும் கொடுத்துவிட்டார். கிரேன், பம்ப் என்று சின்னச் சின்ன மாடல்கள் செய்வது, கருவிகளைக் கழற்றி மாட்டுவது, இதுதான் பொழுதுபோக்கு. சிலபஸ் கிடையாது. மார்க் கிடையாது. செய்தது ஓடினால் பாஸ், ஓடாவிட்டால் திரும்பவும் கழற்ற வேண்டியதுதான்.

1753-ல் அம்மா இறந்துபோனார். அப்பாவின் வியாபாரமும் அதே சமயத்தில் இறங்கத் தொடங்கியது. கையில் இருக்கும் தொழிலை வைத்துப் பிழைக்க வேண்டும் என்ற நிலை. அப்போது அவருக்கு 17 வயது. நம்மை விடச் சின்னவர்.

சர்டிபிகேட் இல்லாதவர்

கருவி செய்வதை முறையாகக் கற்றுக்கொள்ள 1755-ல் லண்டன் போனார். குதிரையில் கிட்டத்தட்ட 12 நாள் பயணம். அங்கே போன பிறகுதான் நிலவரம் புரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு தொழிலைக் கற்க வேண்டுமானால் ஒரு ஆசானிடம் ஏழு வருஷம் பயிற்சியாளராக இருக்க வேண்டும். வாட்டிடம் ஏழு வருஷத்துக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. விதியை மீறி எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசியில் ஜான் மார்கன் என்ற கருவி செய்பவர் 20 கினி வாங்கிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மட்டும் சேர்த்துக்கொண்டார். கினி என்பது அந்தக் காலத்துத் தங்க நாணயம். அதோடு வாட் செய்யும் வேலைக்கும் சம்பளம் கிடையாது. ஏழு வருஷக் கோர்ஸை ஒரு வருஷத்தில் முடிக்கும் கிராஷ் கோர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்க.

அந்த ஒரு வருஷம் லண்டனைச் சுற்றிப் பார்த்தார் என்று நினைக்காதீங்க. தெருவில் தனியாகப் போகிற இளைஞர்களைப் பிடித்துக் கடற்படைக் கப்பலில் ஏற்றிவிடும் கும்பல் அப்போது அரசாங்க அனுமதியோடு சுற்றிக்கொண்டிருந்தது. முறையான பயிற்சியாளர் என்ற பாதுகாப்பும் வாட்டுக்கு இல்லை. அதனால் வெளியே போகப் பயம். காலையிலிருந்து ராத்திரி வரை வேலை, செலவைக் குறைக்க அரைகுறைச் சாப்பாடு. வருஷக் கடைசியில் அளவுகோல், காம்பஸ், குவாட்ரன்ட் என்று எல்லாம் செய்யத் தெரிந்தது, உடம்பு மட்டும் கெட்டுப்போனது.

1756-ல் ஊர் திரும்பி, கிளாஸ்கோவில் கடை போடலாம் என்று பார்த்தார். அங்கே ஹேமர்மென் என்ற கைவினைஞர் சங்கம் இருந்தது. கொல்லர், உலோக வேலை செய்பவர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஏழு வருஷப் பயிற்சி முடிக்காதவர், ஊர்க்காரரும் இல்லை, அதனால் கடை போட அனுமதி இல்லை என்றுவிட்டாங்க. நகைச்சுவை என்னவென்றால், அவர் செய்யத் தெரிந்த மாதிரிக் கருவிகளைச் செய்ய அந்த ஊரில் ஆளே கிடையாது. வேலை இருக்கிறது, வேலை தெரிந்த ஆள் இருக்கிறார், நடுவில் ஒரு பேப்பர் இல்லை. பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கும் உங்களுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

காப்பாற்றியது ஒரு ரிப்பேர். ஜமைக்காவில் இருந்த ஒரு வியாபாரி தன் வானியல் கருவிகளைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றிருந்தார். அந்த ஜமைக்காப் பணம் கரும்புத் தோட்டத்து அடிமைகளின் உழைப்பில் வந்த பணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடல் பயணத்தில் உப்புக்காற்று பட்டு அந்தக் கருவிகள் கெட்டிருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து சீராக்கும் வேலை வாட்டுக்குக் கிடைத்தது. கூலி 5 பவுண்டு. வேலை பேராசிரியர்களுக்குப் பிடித்துப்போனது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் கைவினைஞர் சங்கத்தின் அதிகாரம் செல்லாது. 1757-ல் வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை கொடுத்து, பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவர் என்ற பெயரும் கொடுத்துவிட்டாங்க. மாணவராக நுழைய வசதியில்லாத ஒருவர், ரிப்பேர்காரராக உள்ளே வந்துவிட்டார்!

தெரியாததையும் கையில் எடுத்தவர்

பட்டறை வாடகைக் கணக்குக்கு ஓட வேண்டுமே. வந்த வேலையையெல்லாம் எடுத்தார். புல்லாங்குழல், கிட்டார், வயலின் என்று இசைக்கருவிகள் வந்தன. வாட்டுக்குச் சுதி பேதமே காதில் பிடிபடாது. ஒரு ஸ்வரத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவரிடம் ஒரு ஆர்கன் செய்யச் சொன்னாங்க. அவர் ஒலியியல் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்து, காதுக்குப் பதில் கணக்கை நம்பி, ஆர்கனைச் செய்து முடித்தார். அதுவும் நன்றாகவே ஒலித்தது.

இன்னொன்று. இயந்திரங்களைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று ஜெர்மன் மொழியில் இருக்கிறது என்று தெரிந்தது. ஜெர்மன் கற்றுக்கொண்டார். இத்தாலிய மொழியும் அப்படித்தான் வந்தது. வகுப்புக்குப் போய் அல்ல, தேவை வந்ததும் உட்கார்ந்து.

பட்டறை கொஞ்ச நாளில் ஒரு அரட்டை இடமாகிவிட்டது. ஜான் ராபிசன் என்ற மாணவர், ஜோசப் பிளாக் என்ற வேதியியல் பேராசிரியர் எல்லாம் வந்து உட்கார்ந்து பேசுவாங்க. தெர்மோடைனமிக்ஸில் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறோமே, அதைக் கண்டுபிடித்தவர் இந்த பிளாக்தான். இந்த நட்பு பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்று இப்போது பார்ப்போம்.

சரியான பிறகும் சரியில்லாத இன்ஜின்

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த நியூகோமென் இன்ஜினின் சின்ன மாடல் ஒன்று இருந்தது. சிலிண்டர் விட்டம் 2 அங்குலம், பிஸ்டன் போய்வரும் தூரம் 6 அங்குலம். அது ஒழுங்காக ஓடாது. லண்டனில் பெயர் பெற்ற ஒரு கருவி நிபுணரிடம் அனுப்பியும் பார்த்தாங்க, பயனில்லை. 1763-64 குளிர்காலத்தில் அது வாட்டின் மேஜைக்கு வந்தது.

முதலில் அந்த இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்க. பிஸ்டனுக்குக் கீழே சிலிண்டரில் நீராவி நிரம்பும். அப்புறம் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவாங்க. நீராவி தண்ணீராகிவிடும், உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். வெளியே இருக்கும் காற்றழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்த இழுப்பில்தான் பம்ப் வேலை செய்யும். உண்மையில் தள்ளுவது நீராவி இல்லை, நம்மைச் சுற்றியிருக்கும் காற்று.

வாட் பழுதையெல்லாம் நீக்கி ஓட்டினார். ஓடியது. ஆனால் சில ஸ்ட்ரோக் அடித்ததும் நின்றுவிட்டது. பாய்லரில் நீராவி தீர்ந்துபோயிற்று. தண்ணீர் பீய்ச்சும் அளவைக் குறைத்து, சுமையையும் குறைத்தால் தொடர்ந்து ஓடியது. சாதாரண ரிப்பேர்காரராக இருந்தால் இங்கேயே பில் போட்டிருப்பார். ஒப்படைத்துவிட்டுக் காசு வாங்கியிருக்கலாம்.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. அளவுப்படி செய்த பாய்லர், அளவுப்படி செய்த சிலிண்டர், பெரிய இன்ஜின் ஓடும்போது சின்னது ஏன் மூச்சு வாங்க வேண்டும்?

முதல் காரணம் அளவிலேயே இருந்தது. ஒரு சிலிண்டரை எல்லாப் பக்கமும் பாதியாகச் சுருக்கினால், உள்ளே பிடிக்கும் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சுவரின் பரப்பு நாலில் ஒரு பங்குதான் ஆகும். அதாவது சின்ன சிலிண்டரில் இருக்கும் கொஞ்சம் நீராவிக்குச் சுவர் அதிகம். சூடெல்லாம் சுவர் வழியாகப் போய்விடும். பித்தளைச் சுவர் வேறு, வார்ப்பிரும்பை விட வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

சரி, சுவரை மாற்றிப் பார்க்கலாம் என்று மரத்தில் ஒரு சிலிண்டர் செய்தார். ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சுட்டு உலர்த்தி, ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் மிச்சமானது. ஆனால் மரம் நீராவியைத் தாங்கி நிற்கவில்லை, முழுப் பிரச்சினையும் தீரவில்லை. அடுத்து ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் எவ்வளவு நீராவி செலவாகிறது என்று அளந்தார். சிலிண்டரை நிரப்பத் தேவையானதைப் போலப் பல மடங்கு செலவாகிக்கொண்டிருந்தது. அடுத்து, நீராவி தன் எடையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு தண்ணீரைக் கொதிநிலை வரை சூடாக்குவதைப் பார்த்துத் திகைத்துப்போய் பிளாக்கிடம் போனார். பிளாக் தான் கண்டுபிடித்த உள்ளுறை வெப்பத்தை விளக்கினார்.

இப்போது படம் தெளிவானது. நீராவி குளிர வேண்டுமானால் சிலிண்டர் குளிர வேண்டும். அடுத்த நீராவி வீணாகாமல் இருக்க சிலிண்டர் சூடாக இருக்க வேண்டும். ஒரே பாத்திரம், ஒரே நிமிஷத்தில் பல முறை சூடாகிக் குளிர்ந்து சூடாகிறது. வெப்பத்தில் பெரும்பகுதி அந்தச் சுவரைத் திரும்பத் திரும்பச் சூடாக்கவே போகிறது. பெரிய இன்ஜினிலும் இதே நோய்தான். பெரியதில் அது மறைந்து கிடந்தது, சின்ன மாடலில் வெளியே தெரிந்தது.

இரண்டு வருஷம் இந்த முடிச்சு அவிழவில்லை. 1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ கிரீன் என்ற திடலில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது விடை வந்தது. நீராவியைச் சிலிண்டருக்குள் ஏன் குளிர வைக்க வேண்டும்? பக்கத்தில் இன்னொரு பாத்திரம் வைத்து, அதைக் குளிராக வைத்து, நீராவியை அங்கே இழுத்துக்கொண்டால்? சிலிண்டர் எப்போதும் சூடு, இந்தப் பாத்திரம் எப்போதும் குளிர். ரேங்கின் சைக்கிள் வரையும்போது டர்பைனுக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு கண்டென்சர் என்று எழுதுறீங்களே, அதன் பிறந்தநாள் அது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறக்க முடியாது, அந்த ஊர்க் கட்டுப்பாடு. அது முடிந்ததும் கையில் கிடைத்ததை வைத்து ஒரு மாடல் செய்தார். சிலிண்டருக்கு என்ன பயன்படுத்தினார் தெரியுமா? மருத்துவர்கள் உபயோகிக்கும் ஒரு பித்தளை சிரிஞ்ச். ஓடியது.

ஓடுவதற்கும் ஓட்டுவதற்கும் நடுவில் 11 வருஷம்

யோசனை வந்துவிட்டால் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். வாட்டின் கஷ்டம் அப்போதுதான் ஆரம்பித்தது. மேஜை மேல் ஓடியதைப் பெரிதாகச் செய்தபோது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நீராவி கசிந்தது. அந்தக் காலத்துக் கொல்லர்களால் வட்டமான சிலிண்டரைத் துல்லியமாகக் கடைய முடியவில்லை. இடைவெளியை அடைக்க வாட் கார்க் வைத்துப் பார்த்தார், எண்ணெய்த் துணி வைத்துப் பார்த்தார், பழைய தொப்பி, காகிதம், கடைசியில் குதிரைச் சாணம் வரைக்கும் போய்விட்டார். ஒன்றும் நிற்கவில்லை.

கடன் ஏறியது. குடும்பம் இருக்கிறது. இன்ஜினை ஓரமாக வைத்துவிட்டுக் கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் சர்வேயர் வேலைக்குப் போனார். வருஷக்கணக்கில் மழையிலும் குளிரிலும் அந்த வேலை. 1769 ஜனவரியில் பேட்டன்ட் கிடைத்தது, இன்ஜின் இன்னும் தயாராகவில்லை. பணம் போட்ட ஜான் ரோபக் 1773-ல் திவாலானார். அதே வருஷம் வாட் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில் நிலம் அளந்துகொண்டிருந்தபோது, வீட்டில் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்துபோனார். அவருக்கு அப்போது 37 வயது. கையில் ஓடாத இன்ஜின், வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள்.

ரோபக்கின் பங்கை பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் வாங்கினார். 1774-ல் வாட் அங்கே குடிபெயர்ந்தார். ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் பீரங்கி துளைக்க உருவாக்கிய முறையை வைத்து சிலிண்டர் கடைந்து கொடுத்தார். 50 அங்குல சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன் கூட இல்லை. சாணம் அடைத்தும் நிற்காத கசிவு, நல்ல மெஷினிங் வந்ததும் நின்றது. 1776-ல் வாட் இன்ஜின்கள் வேலைக்கு வந்தன. திடலில் யோசனை வந்து 11 வருஷம் கழித்து.

அதற்கப்புறம் வந்தது உங்களுக்குத் தெரியும். சுழலும் இயக்கம், 1788-ல் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், குதிரைத்திறன் என்ற அளவு, கடைசியில் அவர் பெயரிலேயே ஒரு அலகு.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வாட்டின் பேட்டன்ட்டை 1800 வரை பாராளுமன்றம் நீட்டித்துக் கொடுத்தது. அந்தக் காலத்தில் வேறு வழியில் இன்ஜின் செய்ய முயன்றவர்கள் மேல் போல்டனும் வாட்டும் வழக்குப் போட்டாங்க. ஜொனாதன் ஹார்ன்புளோயர் மாதிரி ஆட்கள் முடங்கினாங்க. இளைஞனாக இருந்தபோது ஒரு பேப்பரைக் காட்டி அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாங்க. வயதானபோது அவர் கையில் ஒரு பேப்பர் இருந்தது, கதவுக்கு வெளியே வேறு யாரோ நின்றாங்க. பெரிய மனுஷர்களைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கக் கூடாது என்பது என் கருத்து.

மாடிக்குத் திரும்பியவர்

1800-ல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். பணம், பெயர் எல்லாம் வந்தாயிற்று. பர்மிங்ஹாம் பக்கத்தில் ஹீத்ஃபீல்ட் என்ற பெரிய வீடு. அந்த வீட்டின் உச்சியில், கூரைக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஒரு பட்டறை வைத்துக்கொண்டார். ஜன்னலோரம் லேத். சிலைகளைப் பார்த்து அதே மாதிரி நகல் செதுக்கும் இயந்திரம் ஒன்றை வருஷக்கணக்கில் செய்து செய்து பார்த்தார். கிளாஸ்கோவில் புல்லாங்குழல் செய்த காலத்துக் கருவிகளைக் கூட அவர் தூக்கிப் போடவில்லை. 1804-ல் காசநோயில் இறந்த மகன் கிரெகரியின் பொருட்கள் இருந்த பெட்டியும் அந்த அறையில்தான் இருந்தது. 1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் வாட் இறந்தார். வீட்டை இடிப்பதற்கு முன் 1924-ல் அந்த அறையை அப்படியே பெயர்த்து லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குக் கொண்டுபோனாங்க. 8,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். அப்பாவின் பட்டறையில் கிடைத்த சின்ன மேஜையில் தொடங்கியவர், கடைசி வரை ஒரு மேஜையை விடவே இல்லை.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. லேபில் எக்ஸ்பெரிமென்ட் ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் பொதுவாக என்ன நடக்கும்? சீனியர் ரெக்கார்டு கைமாறும், கிராஃப் நேர்கோடாகிவிடும், வைவாவும் முடிந்துவிடும். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். வாட்டுக்கு வந்ததும் ஒத்துவராத ரீடிங்தான். அதை அட்ஜஸ்ட் செய்து ஒப்படைத்திருந்தால் கிளாஸ்கோவில் ஒரு நல்ல ரிப்பேர்காரர் இருந்திருப்பார். நமக்குப் படிக்க கண்டென்சர் இருந்திருக்காது.

வீட்டில் ஓடாத மிக்ஸி, சுற்றாத டேபிள் ஃபேன், பழைய ரேடியோ ஏதாவது நிச்சயம் இருக்கும். இந்த லீவில் ஊருக்குப் போனதும் அதை ஒரு முறை கழற்றுங்க. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்க, கெபாசிட்டர் இருந்தால் கை வைக்கும் முன் டிஸ்சார்ஜ் செய்யுங்க. கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வரிசையாக வையுங்க, ஒவ்வொரு நிலையிலும் ஒரு போட்டோ எடுங்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்க. இரண்டை மாற்றினால் எது சரியானது என்று தெரியாது. சரியாகிவிட்டால் அம்மாவிடம் காபி கேளுங்க. ஆனால் சரியான பிறகும் ஏதோ உறுத்தினால், சத்தம் கொஞ்சம் மாறியிருந்தால், சூடு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால், உடனே மூடிவிடாதீங்க. காபியைக் குடித்துவிட்டுத் திரும்பவும் திறங்க.